கை, கால்கள் நன்றாக இயங்கினாலும் கழுத்துப் பட்டை எதற்கு?

கேள்வி: என் தந்தைக்கு வயது 72. கீழே விழுந்ததில், கழுத்தின் இரண்டாவது எலும்பில் உள்ள முளை அடிப்பகுதியில் முறிந்துள்ளதாக சி.டி. ஸ்கேன் காட்டுகிறது. கை, கால்கள் நன்றாக இயங்குகின்றன, வலியும் குறைந்துவிட்டது. ஆனாலும் பட்டையைக் கழற்றக் கூடாது, அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார்கள். ஏன்?

பதில்: கை, கால்கள் இயங்குவது, தண்டுவடம் இதுவரை நசுங்கவில்லை என்பதற்கு மட்டுமே சான்று, கழுத்தெலும்புகள் உறுதியாக நிற்கின்றன என்பதற்கு அது சான்றாகாது.

கழுத்தின் முதல் எலும்பு ஒரு வளையம். இரண்டாவது எலும்பிலிருந்து மேலெழும் முளை அந்த வளையத்துக்குள் அச்சாக நிற்பதால்தான் தலையை இருபுறமும் திருப்ப முடிகிறது; கழுத்தின் சுழற்சியில் ஏறத்தாழ பாதி இங்கேதான் நிகழ்கிறது. இவ்விரு எலும்புகளுக்கும் இடையே வட்டு (டிஸ்க்) கிடையாது. முளையும், அதைப் பின்னாலிருந்து வளையத்தோடு இறுக்கிப் பிடிக்கும் குறுக்கு லிகமென்ட் என்னும் நாருமே இங்கு முதன்மையான பிடிமானம். முளை அடியில் முறியும்போது, நார் அறுபடாமல் இருந்தாலும் அது பிடித்திருப்பது தனித்துவிட்ட ஒரு துண்டைத்தான். எனவே தலை, வளையம், துண்டு மூன்றும் சேர்ந்து முன்னோ பின்னோ நகர்ந்து தண்டுவடத்தை நெரிக்கக்கூடும். மூச்சுத் தசைகளுக்கான மூளையின் கட்டளைகளும் இவ்வழியேதான் இறங்குகின்றன.

தங்கள் தந்தையைக் காத்தது அங்குள்ள இடவசதி. வளையத்தின் உட்புறத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு முளைக்கும், ஒரு பங்கு தண்டுவடத்துக்கும் போக, எஞ்சிய பங்கு வெற்றிடமாக இருக்கிறது.

முளையின் அடிப்பகுதி முறிவு எளிதில் ஒட்டிக் கூடுவதில்லை, முதுமையில் இன்னும் கடினம். ஆகவே வலி குறைந்ததை எலும்பு கூடியதாகக் கொள்ள வேண்டாம். துண்டு 5 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் அறுவை சிகிச்சையின் பக்கம் சாய்வதே பொதுவான வழக்கம். முதல் இரண்டு எலும்புகளையும் திருகுகளால் பிணைத்தால் உறுதி கிடைக்கும். ஆனால் தலையைத் திருப்பும் திறனில் ஏறத்தாழ பாதி போய்விடும். இந்த இழப்பைத் தந்தைக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன்.

துண்டு எவ்வளவு விலகியுள்ளது, எந்தத் திசையில் என்பதை அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும்வரை, குளிக்கும்போதுகூட பட்டையை நீங்களாகக் கழற்றாதீர்கள். கைப்பிடி தளர்தல், மரத்துப்போதல், நடை தடுமாறல், சிறுநீர் அடைத்தல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், கழுத்தை அசைக்காமல் ஆம்புலன்ஸில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.