வறண்ட குட்டையில் ஆமை எப்படி வந்தது?

வணக்கம் சார்,

ஜாம்பியாவின் தென்பகுதியில் கட்டுமான வேலையில் இருக்கிறேன். தங்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு குட்டை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது, வெடித்த மண்மேல் மாடு நடந்து போகும். நவம்பரில் நல்ல மழை ஒன்று பெய்ததும் பார்த்தால் கையளவு ஆமைகள் ஏழெட்டு! பக்கத்தில் ஆறு எதுவும் இல்லை. எங்கிருந்து வந்தன? ஒன்றைத் தூக்கினேன், தலையை உள்ளே இழுக்காமல் பக்கவாட்டில் மடித்துக்கொண்டது. அடிபட்டதா? நாற்றம் வேறு, சோப்புப் போட்டும் போகவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவை வந்தவை அல்ல, பெரும்பாலும் அங்கேயே இருந்தவை. மாடு நடந்ததே, அந்த மண்ணுக்கு அடியில். நீர் வற்றும்போது சேற்றில் புதைந்து மழை வரும்வரை அசையாமல் கிடப்பது இந்த ஆமையின் வழக்கம். மழை பெய்த ஈரத்தில் ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தரைவழியே நடந்தும் போகும், ஆகவே ஒன்றிரண்டு புதிதாக வந்திருக்கவும் கூடும்.

அடிபட்டதில்லை, கவலை வேண்டாம். அது பக்கக்கழுத்து ஆமை, அந்த இனத்துக்கே கழுத்து அப்படித்தான் மடியும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவற்றில் பெலோமெடுசா என்ற வகையாக இருக்கும். நாற்றம் அதன் சுரப்பிகளிலிருந்து வருவது, தூக்கினால் பீய்ச்சிவிடும். விட்டுவிடு என்கிறது, வேறென்ன.

வற்றிப்போகும் குட்டையில் போய் ஏன் குடியிருக்க வேண்டும் என்று தோன்றும். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது. வற்றாத ஆற்றில் முதலை உண்டு, இந்த ஆமைக்கோ ஓடு மெல்லியது, தட்டையானது. மழைக்குட்டையில் முதலையும் இல்லை, தலைப்பிரட்டையும் பூச்சியும் வேண்டிய மட்டும் கிடைக்கும். ஆமை என்றாலே சாதுப் பிராணி என்று நினைப்பவர்கள் இது சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிக்க வரும் புறாவைக் கவ்வி உள்ளே இழுத்து மூழ்கடிக்கும், பிறகு கூட்டமாகச் சேர்ந்து பிய்க்கும். காண்டாமிருகம் சேற்றில் படுத்தால் அதன் தோலிலிருந்து உண்ணி பிடுங்கித் தின்னும், நம்மூரில் எருமை முதுகில் காக்கை செய்யும் அதே வேலை.

இன்னொரு விசித்திரம் முட்டையில். மண்ணின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. இதில் சூடு குறைந்தாலும் பெண், மிகுந்தாலும் பெண், இடைப்பட்ட சூட்டில்தான் ஆண்.

சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, ஏமன், சவூதியின் தென்மேற்கு மூலை, மடகாஸ்கர் என்று பரவிக் கிடக்கும் இதை வெகுகாலம் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். 2014இல் மரபணுவைப் பார்த்துவிட்டுப் பத்தாகப் பிரித்தார்கள். மடகாஸ்கரில் இருப்பது ஆப்பிரிக்காவின் தென்பகுதி ஆமையிலிருந்து ஏறக்குறைய வேறுபடவே இல்லை, மனிதர்கள் கொண்டுபோய் விட்டிருக்கலாம் என்கிறார்கள்.

இந்தியாவில் இன்று இயற்கையாக வாழும் பக்கக்கழுத்து ஆமை ஒன்றுகூட இல்லை. ஆனால் முன்பு இருந்திருக்கிறது, அதுவும் அரியலூர்ப் பக்கம். டைனோசர்களின் கடைசிக் காலத்துப் பாறையில் கிடைத்த புதைபடிவத்துக்கு 2001இல் கூர்மடெமிஸ் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் குட்டைவாசிக்கு அது தூரத்துச் சொந்தம்.

அப்புறம் ஒரு சந்தேகம் பாக்கி. பெலுசியோஸ் என்று ஒரு பங்காளி உண்டு, அதில் 12 சென்டிமீட்டரைத் தாண்டாத குள்ள இனம் ஒன்று ஜாம்பியாவிலும் இருக்கிறது. அடி ஓட்டின் முன்பகுதி கீல்போல மடிந்து மூடினால் அது பெலுசியோஸ், மூடாவிட்டால் பெலோமெடுசா. அடுத்த முறை கையுறை போட்டுக்கொண்டு திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், எடுத்த குட்டையிலேயே விட்டுவிடுங்கள். கடிக்கும், விரல் பத்திரம்.