குளிர் புகும் வீடும் அரசாங்க உதவியும்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளைக் குளிர் புகாதபடி திருத்தித் தரும் அரசாங்க உதவி குறித்து வந்த கேள்விகளுக்கு, வீடுகளின் எரிசக்தித் தரத்தை மதிப்பிடுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): எங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 31,000 பவுண். சொந்த வீடு; சுவரெல்லாம் ஐஸ் போலக் குளிர்கிறது. உதவி கிடைக்குமா?

பதில்: கிடைக்க இடமுண்டு. 2025இல் தொடங்கிய ‘வார்ம் ஹோம்ஸ்: லோக்கல் கிராண்ட்’ திட்டத்தில், வீட்டின் ஈபிசி (எரிசக்தித் தரச் சான்றிதழ்) தரம் டி முதல் ஜி வரைக்குள் இருந்து, குடும்ப வருமானம் 36,000 பவுணைத் தாண்டாமல் இருந்தால் விண்ணப்பிக்கலாம். சுவர், லாஃப்ட் (கூரைக்கு அடியிலுள்ள இடம்) முதலிய வேலைகளுக்கு வீட்டுக்குச் சராசரி 15,000 பவுண் என்ற வரம்பும், ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) போன்றவற்றுக்குத் தனியே அதேயளவு வரம்பும் உண்டு. உங்கள் வீட்டின் ஈபிசியை அரசாங்க இணையதளத்தில் இலவசமாகப் பார்த்துவிட்டு, கவுன்சிலிடம் நேரடியாகக் கேளுங்கள். கதவைத் தட்டி வருபவரிடம் கையெழுத்து வைக்காதீர்கள்.

கேள்வி (ஹரோ): நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம்.

பதில்: மேலே சொன்ன தகுதிகள் இருந்து, வீட்டுக்காரர் சம்மதித்தால் போதும். அவருடைய முதல் வீட்டுக்கு முழுச் செலவும் கிடைக்கும். அடுத்த வீடுகளுக்கு அவர் பாதியைப் போட வேண்டும்.

கேள்வி (கிளாஸ்கோ): எங்களுக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது; இது இங்கிலாந்துக்கு மட்டுமான திட்டம், ஸ்காட்லாந்துக்கு அல்ல. ‘ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து’ அமைப்பைக் கேளுங்கள்.

கேள்வி (லூயிஷம், கட்டடத் தொழிலாளர்): பழைய செங்கல் வீட்டை வெளியிலிருந்து போர்த்தினால் ஈரமும் பூஞ்சணமும்தான் மிஞ்சும். இந்த உதவியே வேண்டாம் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வேறு இரு அரசாங்கத் திட்டங்களின்கீழ் வெளிச்சுவர்க் காப்பு செய்யப்பட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில் பெரிய குறைகள் இருப்பதாக 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகமே அறிவித்தது. ஆனால் குற்றம் போர்வையில் இல்லை, போர்த்திய கையில் இருக்கிறது. நான் ஏறிப் பார்த்த ஒரு லாஃப்டில் 270 மில்லிமீட்டர் தடிப்பான காப்புக் கம்பளி ஒழுங்காகவே கிடந்தது. ஆனால் அதைக் கூரையின் ஓரம்வரை நெருக்கித் திணித்துக் காற்றுவழியை அடைத்திருந்தார்கள், மரச்சட்டங்களின் அடிப்பக்கம் கறுத்து, கை வைத்தால் நீர் சொட்டியது.

அவரே மீண்டும்: அப்படியானால் வேலையைச் சரிபார்ப்பது யார்?

பதில்: காற்றோட்டத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை எழுத்தில் வாங்காமல் வேலை தொடங்க விடக்கூடாது என்பதும், முடிந்தபின் உத்தரவாதப் பத்திரத்தைக் கையில் வாங்க வேண்டும் என்பதும் வீட்டில் குடியிருப்பவர் தாமே செய்யக்கூடிய சரிபார்ப்பு. பிட்டு அவிக்கும் ஆவியும் வீட்டுக்குள் உலரும் துணியின் ஈரமும் வெளியேற வழியில்லாவிட்டால், எந்தக் காப்பும் பூஞ்சணத்தைத் தடுக்காது.

கேள்வி (டூட்டிங்): இலவசமாக சோலார் பூட்டித் தருவதாக ஒருவர் வந்தார், இன்றே கடைசி நாள் என்கிறார்.

பதில்: முதல் பதிலின் கடைசி வரியைப் படியுங்கள். இதே கேள்வியை அனுப்பிய மற்ற நால்வருக்கும் இதுவே பதில்.

கேள்வி (இல்ஃபர்ட்): குளிர் தாங்காமல் சமையலறைக் காற்றுத் துவாரத்தைப் பழைய சாரத்தால் அடைத்திருக்கிறோம். பரவாயில்லையா?

பதில்: இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்த அறையில் பாயிலரும் இருக்கிறதென்றால், இதைப் படித்து முடிக்கும் முன்பே எடுங்கள்.