இலவச பிறீசருக்குக் கையெழுத்து வைக்கலாமா?

மாங்குளத்தில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கடை. கம்பனி பிறீசரைச் சும்மா தருகிறது, ஆனால் தங்கள் ஐஸ்கிரீம் மட்டும்தான் அதில் வைக்கலாம் என்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

வாங்கலாம் தம்பி, ஆனால் அது சும்மா இல்லை. பெரிய ஐஸ்கிரீம் கம்பனிகள் சந்தையைப் பிடித்த வழிகளில் இதுவும் ஒன்று. அயர்லாந்தில் யூனிலீவரின் எச்பி ஐஸ்கிரீமும் இதைத்தான் செய்தது. சின்னக் கடையில் இரண்டாவது பிறீசருக்கு இடம் ஏது? போட்டிக் கம்பனியான மார்ஸ் முறையிட, 1998இல் ஐரோப்பிய ஆணைக்குழு அந்த நிபந்தனை தவறு என்றது. 2003இல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அது அங்கத்தைய சட்டம், உங்களுக்கு உதவாது. கம்பனிகளின் கணக்கு விளங்கட்டும் என்று சொன்னேன்.

கறண்ட் பில் உங்கள் தலையில்தான் விழும். கறண்ட் போய்ச் சரக்கு உருகினால் யார் பொறுப்பு, பிறீசர் பழுதானால் எத்தனை நாளில் வருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உருகித் திரும்ப உறைந்த ஐஸ்கிரீம் நாக்கில் மணல் மாதிரி நெருடும். பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் பக்கத்துக் கடைதான்!

வீட்டில் செய்த ஐஸ்பழமும் விற்கிற எண்ணமிருந்தால், கையெழுத்து வைக்கமுதல் வவுனியாவில் பாவித்த பிறீசர் என்ன விலை என்று ஒருக்கால் விசாரியுங்கள்.