காப்பர் கேன்யன் பார்க்க கிரீலில் தங்கலாமா?

தாராளமாகத் தங்கலாம், இரண்டு இரவாவது. ஆனால் கிரீலில் ரயிலை விட்டு இறங்கியதும் காப்பர் கேன்யன் பள்ளத்தாக்கைத் தேடாதீர்கள். அது அங்கே தெரியாது. வடமெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில், 2,300 மீட்டருக்கு மேலே பைன் காட்டுக்குள் இருக்கும் ஊர் கிரீல். 1907இல் ரயில் நிலையமாகத் தொடங்கியது. மாநில ஆளுநராக இருந்த என்ரிக்கே கிரீலின் பெயரை வைத்தார்கள். கடைத்தெரு என்று ஒன்றுதான். பொடிநடையாக ஒரு மாலையில் பார்த்துவிடலாம்.

பள்ளத்தாக்கின் விளிம்பு திவிசதேரோவில். சாலையில் சுமார் ஒரு மணி நேரம். கேபிள் கார் அங்கேதான், ரயிலடியில் சுடச்சுட விற்கும் கொர்தித்தாவும் (உள்ளே கறியோ காயோ அடைத்த மக்காச்சோள ரொட்டி) அங்கேதான்.

ரயிலை லாஸ் மோச்சிஸ் பக்கமிருந்து, காலை வண்டியில் பிடியுங்கள். நல்ல காட்சியெல்லாம் பகல் வெளிச்சத்தில் வரும். மேற்கே லாஸ் மோச்சிஸையும் கிழக்கே சிவாவா நகரையும் இணைக்கும் இந்தப் பாதை 1961இல்தான் முழுமையடைந்தது. சுமார் 650 கிலோமீட்டரில் 86 சுரங்கங்கள், 37 பாலங்கள். தெமோரிஸ் அருகே ஒரு சுரங்கத்துக்குள்ளேயே தண்டவாளம் அப்படியே திரும்பி மலையேறுகிறது. வெளியே வந்ததும் கீழே பாருங்கள், சற்றுமுன் வந்த பாதை தெரியும்.

அப்புறம் கிரீலில் எதற்குத் தங்க வேண்டும் என்றால், என்னைப் பொறுத்தவரை ஊருக்கு வெளியே சைக்கிளில் சுற்றுவதற்குத்தான். அரரேகோ ஏரி, காளானும் தவளையும் போன்ற பாறைகள், சான் இக்னாசியோவின் கல் தேவாலயம் எல்லாமே பக்கத்தில். இவை இந்த மலையின் பழங்குடிகளான ராராமுரி மக்களின் பொது நிலத்தில் இருக்கின்றன. வழியில் நுழைவுக் கட்டணம் கேட்பார்கள், கொடுங்கள், அது அவர்களுக்குப் போகிறது. பாறைக் குகைக்கு முன்னால் சுவர் எழுப்பிக் குடியிருப்பவர்கள் உண்டு. அது ஒருவர் வீடு. கூப்பிடாமல் எட்டிப் பார்ப்பதும் கேட்காமல் படம் எடுப்பதும் வேண்டாம். பைன் ஊசியிலையில் பின்னிய கூடைகளைப் பெண்களே வைத்து விற்பார்கள். நம்மூர்ப் பழக்கத்தில் பாதி விலைக்குக் கேட்டுவிடாதீர்கள். ஒன்றை முடிக்க எவ்வளவு நேரமாகும் என்பது அவர்கள் பின்னும்போது பார்த்தாலே புரியும்.

ராராமுரி மக்கள் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பேர்போனவர்கள். 2017இல் இவர்களில் ஒருவரான லொரேனா ராமிரெஸ் பாவாடையும் ரப்பர் செருப்புமாக 50 கிலோமீட்டர் மலைப் பந்தயத்தில் பெண்கள் பிரிவில் வென்றார். அதற்காக எதிரில் வருபவரிடமெல்லாம் "ஓடிக் காட்டுங்கள்" என்று கேட்பது அசிங்கம்.

செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். மழை முடிந்த கையோடு போனால் குசாராரே அருவியில் தண்ணீர் இருக்கும். குளிர்காலத்தில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும், பனியும் விழும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். போதைக் கும்பல்கள் உள்ள மலை இது. 2022இல் இதே மலையிலுள்ள செரோகாவி என்ற ஊரில் இரண்டு இயேசு சபைப் பாதிரியார்களைத் தேவாலயத்துக்குள்ளேயே கொன்றார்கள். கிரீல், திவிசதேரோ வட்டாரத்தில் பகலில் சுற்றுலாப் பயணிகள் சாதாரணமாக நடமாடுகிறார்கள். அதைத் தாண்டி, குறிப்பாகப் பள்ளத்தாக்கின் அடியிலுள்ள பதோபிலாஸ் ஊர்ப் பக்கம் இறங்குவதாக இருந்தால், அந்த வாரம் பாதை எப்படி என்று தங்குமிடத்தில் விசாரித்து, உள்ளூர் ஓட்டுநரோடு மட்டும் போங்கள். இருட்டிய பிறகு வண்டி ஓட்டவே வேண்டாம்.