ஓரத்தில் ஒரு பென்சில் கோடு

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையின் அமைப்பைப் பற்றிப் பேசினேன். தொடக்கம், வளர்ச்சி, உச்சம், முடிவு என்று பிரித்துச் சொன்னேன். “இது எந்தக் கதைக்கும் பொருந்துமே” என்றார் ஒருவர். வேறு எப்படித்தான் பார்ப்பது?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கேட்டவர் கெட்டிக்காரர். அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

நான் விமர்சகன் இல்லை, பிள்ளை. கொழும்பில் ஒரு பத்திரிகையில் 31 வருஷம் புரூஃப் பார்த்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வரிக் கணக்குத்தான். ஆளோ இடமோ நேரமோ மாறுகிற இடத்தில் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் எத்தனை வரி என்று எண்ணுங்கள்.

‘பொன்னகரம்’ 1934இல் ‘மணிக்கொடி’ இதழில் வந்த சின்னக் கதை. அம்மாளு என்ற ஏழைப் பெண்ணின் கதை என்றுதானே நினைத்திருக்கிறோம்? அவள் வருவதற்கே நேரமாகிறது. அதற்கு முன் சந்து, மழைத் தண்ணீர், குழந்தைகள், ரயில் பாதை. அவசரக்காரர் இதை வர்ணனை என்று தாண்டிவிடுவார். எழுதியவரோ தாராளமாகச் செலவழித்திருப்பது அங்கேதான். குதிரை வண்டி ஓட்டும் புருஷன் குடித்துவிட்டு அடிபட்டுக் கிடப்பதற்குக் கொஞ்ச வரிகள். இருட்டில் அம்மாளு ஒருவனோடு சந்துக்குள் மறைவதற்கு இன்னும் குறைவு. உள்ளே நடந்ததற்கு ஒன்றுமே இல்லை. அடுத்து வருவது முக்கால் ரூபாய், புருஷனுக்குப் பால்கஞ்சி. அவள் அழுதாளா, கூசினாளா? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாம் அவளுக்குத் தீர்ப்பு எழுத உட்கார்ந்திருப்போம். இப்போது அவளைப் பெற்ற அந்த இடம்தான் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் இரண்டு முனைகளையும் பாருங்கள். பொன்னகரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா என்று நம்மிடம் கேட்டுத்தான் தொடங்குகிறார். கடைசியில் மறுபடி நம் பக்கம் திரும்பி, கற்பு, கற்பு என்று ‘கதைக்கிறீர்களே’ என்கிறார். (இலங்கையில் நமக்குக் கதைப்பது என்றால் சாதாரணப் பேச்சு. திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தன் அதில் கொஞ்சம் நக்கலையும் வைத்திருக்கிறார்.) அந்தக் கடைசி வரிகளைக் கையால் மறைத்துவிட்டு வாசியுங்கள். யாரோ ஒரு பாவப்பட்ட பெண்ணின் கதையாக முடிந்துவிடும். கையை எடுத்தால் நாமும் கதைக்குள் நிற்போம்.

இந்த மறைத்துப் பார்க்கும் வித்தையை நான் ஒரு தப்பு செய்துதான் கற்றேன். ஞாயிறு இதழுக்குக் கடைசி நேரத்தில் ஒரு மரண அறிவித்தல் வந்து சேர்ந்தது. பக்கத்திலிருந்த சிறுகதையில் நாலு வரி எடுக்க வேண்டும். கடைசி நாலு வரியில் ஒரு கிழவி எழுந்து கதவைச் சாத்துகிறாள், அவ்வளவுதான். வெட்டினேன். செவ்வாய்க்கிழமை எழுத்தாளர் நனைந்த குடையோடு என் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பத்திரிகையை விரித்து முதல் பந்தியில் விரலை வைத்தார். “மகன் திறந்து போட்டுவிட்டுப் போன கதவு, தம்பி. இன்னும் திறந்தபடியே கிடக்குது.”

சரி, புத்தகத்தை வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் எடுப்பதென்றால் ஒரு போட்டோ கொப்பி அடித்துக்கொண்டு அதில் கோடு போடுங்கள். நூலகப் புத்தகத்தில் வேண்டாம்.