சாமந்தி நாற்று வயலுக்கு வந்ததும் ஏன் அவசரப்பட்டு மொட்டு வைக்கிறது? – கேள்வி பதில்

தளியிலிருந்து: ஐயா, நர்சரியில் விளக்குக்கு அடியில் வளர்ந்த சாமந்தி நாற்றை மே கடைசியில் வாங்கி நட்டோம். இருபத்தைந்து நாள்தான் ஆகிறது. அரை அடிகூட உயரவில்லை, நுனியில் மொட்டு வந்துவிட்டது. கோடையில் பகல் நீளம்தானே, பிறகு ஏன்?

நம் ஊர்ப் பகல் நமக்குத்தான் நீளம், சாமந்திக்கு இல்லை. ஓசூர் பக்கம் வருஷத்திலேயே நீளமான ஜூன் 21 அன்றுகூடப் பகல் சுமார் 12 மணி 50 நிமிடம்தான். டிசம்பரில் 11 மணி 20 நிமிடத்துக்கு இறங்கும். கொய்மலர் (காம்போடு வெட்டி விற்கும் பூ) ரகங்களில் பெரும்பாலானவை பகல் 14½ மணி நேரத்துக்குக் கீழே வந்தாலே மொட்டு கட்டத் தொடங்கும். 13½க்குக் கீழே வந்தால் அந்த மொட்டு தடையில்லாமல் வளர்ந்து விரியும். ஆக, நம்மிடம் 12 மாதமும் அதற்குப் பூக்கும் காலம்தான். நர்சரியில் நடு இரவில் விளக்குப் போட்டு அதைத் தடுத்து வைத்திருந்தார்கள். உங்கள் வயலில் முதல் இரவே அந்தத் தடை போய்விட்டது. நாற்று நன்றாக இருந்தது, உரத்திலும் கோளாறு இல்லை. நட்ட அன்று இரவே விளக்கு எரிந்திருக்க வேண்டும்.

அவரே மீண்டும்: இனி காப்பாற்ற முடியுமா?

முடியும், ஆனால் உடனே செய்ய வேண்டும். மொட்டுக்குக் கீழே இருக்கும் இலைகளை விரித்துப் பாருங்கள். அடி இலை விரல் விரித்தது போல வெட்டு வெட்டாக இருக்கும். மேலே போகப்போக வெட்டு மறைந்து, கடைசி இரண்டு மூன்று இலை ஒடுங்கி நாடா மாதிரி நீண்டிருக்கும். நாடா இலை வந்துவிட்டால் அந்த நுனி பூவுக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். மொட்டை மட்டும் கிள்ளினால் பக்கத்துக் கணுக்களும் மொட்டாகவே வரும். நாடா இலைகளையும் சேர்த்து, கீழே நன்றாக வெட்டு விழுந்த இலை ஐந்தாறு மிஞ்சும்படி கிள்ளுங்கள். அன்று இரவே விளக்கைத் தொடங்கி 4 வாரம் விடாமல் கொடுங்கள். தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கலந்து வாரம் ஒருமுறை தெளித்தால் பக்கக் கிளை வேகமாக வரும். தண்டு ஏற்கெனவே கட்டையாகிவிட்ட செடியில் நேரத்தை வீணாக்காதீர்கள், பிடுங்கிவிட்டு மறு நாற்று வையுங்கள்.

ராயக்கோட்டையிலிருந்து: 25 சென்ட்டுக்கு எத்தனை பல்ப் வேண்டும்? சாயங்காலமே போட்டுவிடலாமா?

பத்தடிக்கு ஒரு பல்ப், வரிசைக்கு வரிசை பத்தடி. 25 சென்ட் என்பது 10,890 சதுர அடி, ஆகவே 110 பல்ப் பிடிக்கும். 12 வாட் எல்.இ.டி., செடி நுனியிலிருந்து ஐந்தடி உயரம். வெள்ளை நீல ஒளி வேண்டாம், மஞ்சள் கலந்த வார்ம் வொயிட் வாங்குங்கள். செடி கணக்கெடுப்பது சிவப்பு ஒளியைத்தான். நாலு பல்புக்கும் நடுவில் இருக்கும் இருட்டான இடத்தில், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே 100 லக்ஸ் இருக்க வேண்டும். பல்புக்கு நேர் கீழே அளந்துவிட்டு வெளிச்சம் போதும் என்று விட்டுவிடுவதால்தான் வயலில் திட்டுத்திட்டாக மொட்டு வருகிறது.

நேரம் இரவு 10 முதல் 2 வரை. செடி எண்ணுவது பகலை அல்ல, இடைவிடாத இருட்டை. நடுவில் வெளிச்சம் விழுந்தால் ஒரு நீண்ட இரவு இரண்டு சிறு இரவாகிவிடும். சாயங்காலம் 6 முதல் 8 வரை போட்டால் மீதி இருட்டு பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றுவிடும்; செலவுதான் மிச்சம். முழு வயலுக்கும் இரவுக்குச் சுமார் 5 யூனிட் ஆகும். டைமரில் 10 நிமிடம் எரிந்து 20 நிமிடம் அணைகிற மாதிரி வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். வெளிச்சம் குறைந்த வயலில் மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

கெலமங்கலத்திலிருந்து: காற்று மழையில் கரண்ட் போய்விடுகிறதே?

ஓர் இரவு போனால் பதறாதீர்கள். மூன்று நாலு இரவு தொடர்ந்து போனால் நுனி திரும்பிவிடும், அதற்குள் ஜெனரேட்டர் ஏற்பாடு வேண்டும். கரண்ட் போய் வந்தபின் டைமர் கடிகாரம் பின்தங்கி, பகலில் விளக்கு எரிகிற கதையும் நடக்கும். பேட்டரி உள்ள டைமராகப் பார்த்து வாங்குங்கள்.

நிலக்கோட்டையிலிருந்து: விளக்கு ஒழுங்காகக் கொடுத்தும் சில செடி மட்டும் மொட்டு வைக்கிறது, ஐயா.

நாற்றுக்கு நுனி வெட்டி எடுக்கும் தாய்ச்செடியைப் பாருங்கள். வயதான தாய்ச்செடியின் தண்டு, இலை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் நீண்ட பகலிலும் ஒரு மொட்டு கட்டிவிடும். அந்த நுனியை வெட்டி வேர்விட வைத்தால் நாற்றே மொட்டோடு வரும். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை தாய்ச்செடியை மாற்றுங்கள். நுனி 5 முதல் 7 செ.மீ., மென்மையாக, நாடா இலை இல்லாததாக இருக்கட்டும். வேர் பிடிக்கும் அந்த இரண்டு வாரமும் விளக்கு எரிய வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

இன்னொருவர்: தெருவிளக்கு ஓரம் இரண்டு வரிசை பூக்கவே இல்லை.

அதே காரணம்தான், திருப்பிப் போட்டால். அந்தப் பக்கம் கறுப்பு ஷேட் நெட்டை இரண்டாக மடித்துக் கட்டுங்கள்.

மாணவர் ஒருவர்: கஞ்சாச் செடியும் வெளியே வைத்தால் சீக்கிரம் பூக்கும் என்கிறார்களே, இதேதானா?

இதேதான். இந்த விஷயம் முதலில் பிடிபட்டதே அந்தச் செடியில்தான். கஞ்சாவும், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் கொடியும் குளிர்காலக் கண்ணாடி வீட்டில் குட்டையாக இருக்கும்போதே பூப்பதைப் பாரிஸில் ஜூலியன் தூர்நுவா 1912 முதல் 1914 வரை எழுதினார். பகல் நீளத்துக்கும் பூவுக்கும் உள்ள தொடர்பை 1920ல் அமெரிக்காவில் கார்னரும் அலார்டும் புகையிலையிலும் சோயாவிலும் உறுதி செய்தார்கள். கணக்கு இரவில் இருக்கிறது என்பதை 1938ல் ஹாம்னரும் பானரும் காட்டினார்கள்.

தளியிலிருந்து: பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் விளக்கை எப்போது நிறுத்துவது?

ரகத்தின் கணக்கை நாற்று விற்றவரிடம் கேளுங்கள். விளக்கு நின்றதிலிருந்து 8 வாரம் முதல் 10 வாரம் வரை இருக்கும். 8 வார ரகம் என்றால் நவம்பர் 15 வாக்கில், 10 வார ரகம் என்றால் நவம்பர் முதல் வாரத்துக்குள் நிறுத்துங்கள். அன்றைக்குச் செடி ஓரடியாவது உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பூ வரும், காம்பு நீளாது. நிறுத்திய பிறகு ஓர் இரவுகூட மறந்து போட்டுவிடாதீர்கள்.