பென்குயின் அலகும் போக்குக்கோடும்: ஊடாடும் வரைபடம் பற்றிய கேள்வி பதில்

முதுகலை மாணவி: எக்செலிலேயே வரைபடம் வருகிறதே சார், ஊடாடும் வரைபடம் எதற்கு?

அறிக்கையில் ஒட்ட எக்செல் படம் போதும். தரவுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியாதபோதுதான், சொடுக்கியும் வடிகட்டியும் பார்க்கக்கூடிய ஊடாடும் வரைபடம் வேண்டும். அண்டார்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை திரட்டிய பென்குயின் தரவு இலவசமாகக் கிடைக்கிறது: 344 பறவைகள், மூன்று இனங்கள். கிடை அச்சில் அலகின் நீளம், செங்குத்து அச்சில் அதன் தடிமன் என்று போட்டால் போக்குக்கோடு கீழே சரியும். இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு (−1 முதல் +1 வரை) சுமார் −0.24. 'அலகு நீள நீளத் தடிமன் குறைகிறது' என்று எழுதிவிடக் கை பரபரக்கும். பொறுங்கள், இனவாரியாக நிறம் கொடுங்கள். அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ மூன்றிலுமே கோடு மேலே ஏறுகிறது! ஜென்டூவின் அலகு நீளமானது, தடிமனோ குறைவு. அந்தக் கூட்டம் வலப்பக்கம் கீழே உட்கார்ந்துகொண்டு மொத்தக் கோட்டையும் இழுத்துவிடுகிறது. மொத்தத்தில் தெரியும் போக்கு குழுவாகப் பிரித்தால் தலைகீழாவதைச் சிம்ப்சன் முரண் என்பார்களே, அதுதான் இது.

அதே மாணவி: இதற்கு நிறைய நிரல் எழுத வேண்டுமா?

பைதான் நிரல்மொழியில் பிளாட்லி எக்ஸ்பிரஸ் என்ற வரைபட நூலகம் இருந்தால் வரைவதற்கு ஒரு வரி. எந்த நிறம் எந்த இனம் என்று காட்டும் குறிவிளக்கத்தில் இனத்தின் பெயரைச் சொடுக்கினால் அது மறையும். இருமுறை சொடுக்கினால் அது மட்டும் நிற்கும். எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்து அனுப்பினால் உங்கள் வழிகாட்டி பிரவுசரிலேயே திறந்து பார்த்துவிடுவார்.

வங்கி ஊழியர்: பத்து ஸ்லைடர், ஐந்து டிராப்டவுன் வைத்தேன். யாரும் தொடுவதே இல்லை.

நானும் தொடமாட்டேன்! எந்தக் கேள்விக்கு எந்த ஸ்லைடர் என்று சொல்ல முடியாததையெல்லாம் எடுத்துவிடுங்கள். அப்புறம் இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்து, ஒன்றில் மவுஸால் வளைத்துத் தேர்ந்தெடுத்த புள்ளிகள் மற்றதிலும் ஒளிரும்படி செய்யுங்கள். கடன் தொகைக்கும் வருமானத்துக்கும் ஒரு படம், வயதுக்கும் தவணை பாக்கிக்கும் இன்னொன்று. பைதானின் இன்னொரு வரைபட நூலகமான ஆல்டேரில் இது சுலபம். ஆனால் 5000 வரிசைகளைத் தாண்டினால் இயல்பாகவே பிழை காட்டும், அந்த வரம்பை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பள்ளி ஆசிரியர்: நாடுகளின் தனிநபர் வருமானத்தையும் ஆயுட்காலத்தையும் வரைந்தேன். புள்ளிகள் இடது ஓரத்தில் நெரிகின்றன.

வருமான அச்சை மடக்கை (log) அளவுக்கு மாற்றுங்கள். ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் புகழ்பெறச் செய்த கேப்மைண்டர் குமிழ் வரைபடத்திலும் அப்படித்தான், ஒவ்வொரு படிக்கும் வருமானம் இரட்டிப்பாகும். மக்கள்தொகையைக் குமிழின் பரப்புக்குக் கொடுங்கள், ஆரத்துக்கு வேண்டாம். ஆரத்துக்குக் கொடுத்தால் இந்தியாவும் சீனாவும் சேர்ந்து மற்ற நாடுகளை மூடிவிடும்.